மூட விடாத வலது கண்

தம்பி, இதை நீ தனியாக இருக்கும்போது படி. குவைத்தில் உன்னோடு ரூமில் தங்கியிருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், இருந்தாலும் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படி. வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கலாம். பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழும். கவிதாவிடம் சொல்லி டைப் அடிக்கச் சொல்லியிருக்கலாம். உன் பெண்டாட்டி ஒரு வரியை மாற்றிப் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் என் கையாலேயே எழுதி, ஒவ்வொரு தாளாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எல்லாத் தாளிலும் எண் போட்டிருக்கிறேன், எது குறைந்தாலும் கேள். "ஒங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்ப்பா" என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பஸ்ஸில் கண்டக்டராகப் பாதி ஆயுள், செக்கிங்கில் மீதி ஆயுள் என்று போனவன் நான். ஜன்னலோரம் தூங்குகிறவன் நிஜமாகவே தூங்குகிறானா, டிக்கெட் எடுக்காததால் தூங்குகிறானா என்று அவன் இமையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ரிட்டயர்டு ஆனதும் யூனிபார்மைக் கழற்றிக் கொடுத்தேன், இந்தப் புத்தியைக் கழற்றி யாரிடம் கொடுப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளுக்கு, நம் பாப்பாவுக்கு, இடது கண் சரியாகத் தெரியவில்லை என்று சந்தேகப்படுகிறேன். இன்று காலை புதுக்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் போக வேண்டும். அதற்கு முன்னால் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. உன்னைத் தவிர வேறு யாராலும் ஆகாது. அதைக் கடைசித் தாளில்தான் எழுதுவேன். முதலிலேயே எழுதினால் நீ பாதியில் போன் போட்டு என் வாயை அடைத்துவிடுவாய் என்று உன்மேலும் எனக்குச் சந்தேகம்.

பங்குனித் திருவிழாவுக்கு நீ லீவில் வந்திருந்தாய் அல்லவா, அப்போது கோயில் கடையில் பாப்பாவுக்குப் பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடுகிற பொம்மைத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தாய். மறுநாள் மதியம் நான் பென்ஷன் வேலையாக ஆலங்குடி போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் அம்மா மடியில் பாப்பா ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கவிதா ஸ்கூல் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. உன் அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம், எதையும் பார்க்கவில்லையாம். நீதான் சொன்னாய், "ஒண்ணுமில்லப்பா, தெக்கு வீட்டுப் பய வெளையாட்டா சுட்டுட்டான். லேசா பட்டிருச்சு." துணியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி சிவந்திருந்தது. கருவிழிக்கு உள்ளே, கீழ்ப்பக்கம், மெல்லிசாக ஒரு ரத்தக் கோடு தேங்கி நின்றது. அந்தக் கோட்டை நான் இதற்கு முன்னால் ஒரே ஒரு கண்ணில்தான் பார்த்திருக்கிறேன், அது உன் கண். "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன். "சரியாயிரும்ப்பா, ஊரக் கூட்டாதீங்க" என்றாய். கீரமங்கலத்தில் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்தாய், நாலு நாளில் சிவப்பும் போனது, கோடும் போனது, ஐந்தாம் நாள் நீயும் பிளைட் ஏறிவிட்டாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பிள்ளையின் லீவைக் கெடுக்க வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட்டே தீர வேண்டிய இடத்தில் மரியாதை பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்பு, எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

நீ போனபிறகு இரண்டு மாதமாக அவளை வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிவி பார்க்கும்போது முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு பார்க்கிறாள். கதவைத் தாண்டும்போது இடது தோள் நிலையில் இடிக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது. வாசல் படி இறங்கும்போது காலால் தடவி இறங்குகிறாள், முன்பெல்லாம் குதித்து இறங்கியவள். வெயிலுக்குப் போனால் இடது கண்ணை மட்டும் சுருக்குகிறாள். உன் அம்மாவிடம் சொன்னேன். "புள்ளைய நிம்மதியா ஓட விடுங்க, ஒங்க கண்ணுதான் புள்ள மேலயே இருக்கு" என்றாள். அவளும் உனக்கு உடந்தையோ என்று அரைநாள் யோசித்தேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு பஸ் விளையாட்டு விளையாடினேன். அவள் பயணி, நான் செக்கிங். "கண்ண மூடித்தான் செக் பண்ணுவேன், ரூல்ஸ்" என்று சொல்லி அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வலது கண்ணை மூடினேன். பாட்டு நின்றது. "கைய எடுங்க தாத்தா" என்று தட்டிவிட்டாள். சிரித்துக்கொண்டே மறுபடி செய்தேன். இடது பக்கம் மூடினால் பேசாமல் இருக்கிறாள், வலது பக்கம் மூடினால் தட்டிவிடுகிறாள். மூன்றாம் தடவை அவள் சுதாரித்துக்கொண்டாள். என் விரல் இடுக்கைத் தன் சின்ன விரலால் நைசாக அகட்டி, அந்தச் சந்து வழியாக வலது கண்ணால் பார்த்துக்கொண்டே, "தெரியுது தாத்தா, நல்லாத் தெரியுது" என்றாள். ஐந்து வயசுப் பிள்ளை, தம்பி. டிக்கெட் இல்லாத எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன், இவ்வளவு சின்ன ஆளைப் பிடித்ததில்லை.

திங்கட்கிழமை உனக்குப் போன் போட்டேன். "பச்சப்புள்ள வெளையாட்டுல தட்டிவிட்டிருக்கும்" என்றாய். நான் விடவில்லை. உடனே உனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கே ஒத்தக் கண்ணுதான். நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்று கேட்டுவிட்டுக் கட் பண்ணிவிட்டாய். அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்கிறேன். போலீஸ் செலக்‌ஷனில் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தவனை மெடிக்கலில் வெளியே அனுப்பினார்கள். பஸ் ஓட்ட வேண்டும் என்று சின்னதிலிருந்து ஆசைப்பட்டவன் இன்றைக்கு இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறாய். டீ ஊற்றினால் கிளாஸுக்கு வெளியே ஒரு வாய் ஊற்றாமல் உனக்கு ஊற்ற வராது. அடிபட்ட கண்ணில் பிரஷர் ஏறுகிறது என்று ஆயுசுக்கும் சொட்டு மருந்து. அதையும் ஒழுங்காக விடுகிறாயோ என்னமோ, பாட்டிலைப் போனில் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றுகிறாய். நீ கெட்டுப்போகவில்லை. கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தாய், அது வேறு. உனக்குக் கிடைக்காமல் போனதையெல்லாம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பவன் நான். எனக்குத் தெரியும்.

உன் கண்ணின் கதை உனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் பக்கத்துக் கதையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. கண்டக்டராக இருந்த காலத்தில் டூட்டி முடிந்து வந்தால் என் தோல் பை நேரே சாமி அலமாரிக்குப் போகும். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. அப்போது மிஷின் கிடையாது, டிக்கெட் எல்லாம் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். ஒரு டிக்கெட் குறைந்தாலும் வேலைக்கு ஆபத்து. அதனால் டிக்கெட் மட்டுமில்லை, "ரப்பர் பேண்டுகூட கவர்மெண்டு சாமான், தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். பெருமையாகச் சொன்னேன். என் நேர்மை வீட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று நினைப்பு.

உனக்கு ஏழு வயசு. ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தால் உன் இடது கண் சிவந்து, கருவிழிக்குள் ரத்தக் கோடு நிற்கிறது. உன்னை நடுவீட்டில் நிற்க வைத்தேன். பெற்ற தகப்பனாக நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கய்யா வலிக்குது?" நான் கேட்டது, "யாருடா அடிச்சது?" கீழே விழுந்தேன் என்றாய். "விழுந்தா கண்ணு மட்டும் தனியா விழுமா?" என்று கேட்டேன். முள் குத்தியது என்றாய். எந்த முள், எந்த வேலி, எத்தனை மணிக்கு என்று மடக்கினேன். பஸ்ஸில் எவனையும் அப்படி மடக்கியதில்லை. அரைமணி நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வடக்கு வீட்டுப் பழனி கவட்டையில அடிச்சான்" என்றாய். கேஸ் முடிந்தது என்று எனக்கு ஒரு திருப்தி. இதை எழுதவே கூசுகிறது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது திருப்திதான்.

பழனி வீட்டுக்குப் போய் அவன் கல் அடிக்கிற கவட்டையைப் பிடுங்கி அவன் அப்பன் கண்முன்னாலேயே ஒடித்துப் போட்டேன். "எம்புள்ள அடிக்கலண்ணே, சத்தியமா அவன் இன்னிக்கி வெளியிலயே போகல" என்று அவன் அம்மா அழுதது. நான் நம்பவில்லை. அன்றோடு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்தது. நாலைந்து நாளில் உன் கண்ணில் ரத்தம் கரைந்துவிட்டது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒத்தச் சொன்னார்கள், ஒத்தினோம். சரியாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அடித்தவனைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனிக் கண்ணில் என்ன பார்க்க இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஸ்கூலில் எழுத்து அட்டையை மாட்டி ஒவ்வொரு கண்ணாகச் சோதித்தபோதும் நீ முதல் வரி முதல் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொன்னாயாம். வாத்தியாரே பாராட்டினார். வலது கண்ணை மூடிய கையின் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துச் சொன்னாய் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பத்தாவது பரீட்சைக்குப் போட்டோ எடுக்க ஆலங்குடி ஸ்டுடியோவுக்குப் போனோமே, அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. போட்டோ எடுக்கிறவர் இரண்டு தடவை உன் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "தம்பி, இங்கிட்டுப் பாருய்யா" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, பையனுக்கு எடது கண்ணு அங்கிட்டுப் போவுது. நடுவுல வெள்ளையா வேற தெரியுது" என்றார். எட்டு வருஷம் தினம் தினம் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அவர் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டார். தஞ்சாவூரில் டாக்டர் உன்னைத் திரைக்கு அந்தப்பக்கம் வைத்துக்கொண்டு, "சின்ன வயசுல கண்ணுல என்னப்பா பட்டுச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டார். நீ சொன்னாய், "ரப்பர் பேண்டு சார். அப்பா பையில இருந்து எடுத்து இழுத்து விட்டேன், அந்துருச்சு." திரைக்கு இந்தப்பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். அடிபட்டதில் உள்ளே இருக்கிற லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருக்கிறது. அதை ஆபரேஷன் செய்து மாற்றிவிடலாம், ஆனால் சின்ன வயசிலேயே பார்வை மங்கிய கண்ணை மூளை கைவிட்டுவிடும், இவ்வளவு வருஷம் கழித்து அதைத் திரும்பப் பழக்குவது கஷ்டம் என்றார். "அப்பவே வந்திருந்தா நல்ல கண்ண மூடி வச்சு இந்தக் கண்ணுக்கு வேல குடுத்திருப்போம்" என்றார். ஆபரேஷன் நடந்தது. அந்தக் கண்ணுக்கு இன்றைக்கும் எதிரே நீட்டுகிற விரலை எண்ண முடிகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு ஊரில் பஸ் இறங்கியதும் பழனி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றுவரைக்கும் போகவில்லை.

இப்போது பாப்பாவுக்கு வருகிறேன். அன்றைக்கு வடக்கு வீட்டுப் பையன், இன்றைக்குத் தெற்கு வீட்டுப் பையன். நம் வீட்டுக் கண்ணில் அடிப்பதற்கென்றே ஊரில் எப்போதும் ஒரு பையன் தயாராக நிற்கிறான் போலிருக்கிறது. புதன்கிழமை தெற்கு வீட்டு அம்மாவிடம் தேங்காய் விலை பேசுகிற மாதிரி மெல்ல விசாரித்தேன். திருவிழாவுக்கு மறுநாள் அவர்கள் குடும்பத்தோடு அறந்தாங்கியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள், பையனும்தான். அன்றைக்கே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இருந்தும் பாப்பாவிடம் யார் என்று கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இன்று காலை டாக்டர் படம் போட்ட அட்டையைக் காட்டினார். பாப்பா மீன், குடை, வீடு என்று எல்லாவற்றையும் சொன்னாள், விரல் இடுக்கு வழியாக. நான் டாக்டரிடம் சாடை காட்டினேன். அவர் பஞ்சு வைத்து ஒட்டி வலது கண்ணை மறைத்தார். பாப்பா அட்டை இருக்கிற பக்கம் பார்த்து, "மீனு, குட, வீடு" என்று மனப்பாடமாகவே சொன்னாள். அட்டையை அவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு லென்ஸில் மங்கல் மாதிரித் தெரிகிறது, மருந்து விட்டுப் பாப்பாவை விரிய வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். கண்மணியைத்தான் அவர் பாப்பா என்கிறார், நான் முதலில் குழம்பிப்போனேன். மருந்துப் பாட்டிலைப் பார்த்ததும் நம் பாப்பா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு அப்படி ஓர் அழுகை. கவிதா கெஞ்சிப் பார்த்தாள், நர்சம்மா கெஞ்சிப் பார்த்தது. திறக்கவில்லை. "அழுத்திப் புடிச்சு விட வேணாம், இது ஒரு நாள்ல முடியிற வைத்தியம் இல்ல. நாளைக்குச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வாங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க, இந்த வயசுல பாத்தா காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். என்ன பட்டது? எவ்வளவு தூரத்திலிருந்து பட்டது? பட்டதும் பிள்ளை வாந்தி எடுத்ததா, மயங்கியதா? எனக்கு முதல் கேள்விக்குத்தான் பதில் தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பா என் மடியில் இருந்தாள். கவிதா முன் சீட்டில். பாப்பா என் காதுக்குக் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள், "தாத்தா, மருந்து விட்டா டாக்டருக்குக் கண்ணுக்குள்ள எல்லாம் தெரிஞ்சிருமா?"

"ஆமாத்தா, உள்ள இருக்குறது எல்லாம் தெரியும்."

"யாரு சுட்டாங்கன்னும் தெரிஞ்சிருமா?"

கேட்டுவிட்டு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுட்டது நீ. விளையாட்டுக்குச் சுட்டிருப்பாய். அவளுக்குப் பக்கத்தில் சுவரில் படட்டும் என்று நினைத்திருப்பாய். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, டீயே கிளாஸுக்கு வெளியே போகிற கை அது. அதில் பாதிப் பழி சாமி அலமாரியில் இருந்த என் தோல் பைக்கு. "தாத்தாகிட்ட சொல்லாத" என்று அவளிடம் நீ சொல்லியிருக்கிறாய். பெண்டாட்டியைக் கண்டு பயந்து சொல்லவில்லை, என்னைக் கண்டு பயந்துதான் சொன்னாய். முப்பத்திரண்டு வயசிலும் நடுவீட்டில் நிற்க வைத்துக் கேட்பேன் என்ற பயம். அந்தப் பிள்ளை உன்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத் தன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவள் திறக்காவிட்டால் நாளைக்கும் மருந்து விட முடியாது.

இதுதான் கடைசித் தாள். நீ செய்ய வேண்டியது இதுதான். பாப்பா இப்போது தூங்குகிறாள், ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். உனக்கு அங்கே அப்போது இரண்டரை மணி, வேலை நேரம், சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து வீடியோ காலில் கூப்பிடு. உன் வாயால் அவளிடம் சொல். அப்பாதான் சுட்டேன், தெரியாமல் பட்டுவிட்டது, யாரிடமும் மறைக்க வேண்டாம், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று டாக்டரிடம் சொல், மருந்து விடும்போது கண்ணைத் திற என்று சொல். எவ்வளவு தூரத்தில் இருந்து பட்டது, பட்டதும் என்ன ஆனது என்பதைக் கவிதாவின் போனுக்கு எழுதி அனுப்பு. எனக்குச் சொல்ல வேண்டாம். நான் அந்த நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன், ஒட்டுக் கேட்க மாட்டேன். இந்த ஒரு தடவை என்னை நம்பு.

அன்றைக்கு நீ ரப்பர் பேண்டைப் பற்றி உண்மையைச் சொல்லியிருந்தாலும் அடித்திருக்க மாட்டேன் என்று இங்கே எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அது பொய். அடித்திருப்பேன். உனக்கும் அது தெரியும், அதனால்தான் நீ சொல்லவில்லை. இன்றைக்கு மாட்டேன், தம்பி. ஐந்து மணிக்குக் கூப்பிடு.